பரம்பரை வியாதி என்று சொல்லி முடித்துவிடலாமா?

நாற்பத்தெட்டு வயதில் ஒருவர் மாரடைப்பினால் இறந்துபோனால், எமது தோட்டங்களின் மரண வீடுகளில் முதலில் கேட்கும் வார்த்தை ஒன்று உண்டு. "அவுங்க அப்பாவும் இப்படித்தான் போனாரு. அது அவுங்க பரம்பரைக்கே உள்ளது" என்பார்கள். தெல்தோட்டையிலும் கலஹாவிலும் புசல்லாவையிலும் ஹந்தானையிலும் இதையே கேட்கலாம். கண்டி நகரில் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்யும் எம்மவர் வீடுகளிலும் இதையே கேட்கலாம். துக்கத்தில் இருப்பவர்களுக்கு அது ஓர் ஆறுதல் வார்த்தை. யாரையும் குறை சொல்லாத வார்த்தை. ஆனால் அந்த வார்த்தையோடு எல்லாக் கேள்விகளும் அடங்கிவிடுகின்றன. இறந்தவருடைய தம்பியைப் பரிசோதித்தீர்களா என்று எவரும் கேட்பதில்லை. அவருடைய மகளுக்குக் குருதியில் கொழுப்பு எவ்வளவு என்று எவரும் பார்ப்பதில்லை. அவர் பிறந்தபோது அவருடைய தாய் என்ன சாப்பிட்டாள் என்று எவரும் விசாரிப்பதில்லை.

பரம்பரை என்பது பொய் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பரம்பரை உண்மையானது. ஆனால் அந்த ஒரே சொல்லுக்குள் நாம் இரண்டு விடயங்களைப் போட்டு மூடிவைத்திருக்கிறோம். ஒன்று, பெற்றோரின் குருதி வழியே பிள்ளைகளுக்கு வருவது. மற்றது, பெற்றோரின் வறுமை வழியே பிள்ளைகளுக்கு வருவது. முதலாவதற்கு இன்று பரிசோதனையும் மருந்தும் இருக்கின்றன. இரண்டாவதற்கு நீதி தேவைப்படுகிறது. இரண்டையும் தலையெழுத்து என்ற ஒரே மூட்டையில் கட்டிவைத்தால் மருந்தையும் இழப்போம், நீதியையும் இழப்போம்.

குருதி வழியே வருவது

எமது உடலின் ஒவ்வொரு கலத்திலும் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பெற்ற பரம்பரையலகுகள் உள்ளன. தமிழ்நாட்டு நூல்களில் இவற்றை மரபணு என்பார்கள். உடலுக்கு வேண்டிய புரதங்களை எப்படிச் செய்வது என்ற கட்டளைகள் இவற்றில் எழுதப்பட்டுள்ளன. கட்டளையில் ஓர் எழுத்துப் பிழை ஏற்பட்டால் செய்யப்படும் புரதமும் பிழையாகலாம்.

இதயநோயில் இதற்குத் தெளிவான உதாரணம் ஒன்று உண்டு. குருதியில் ஓடும் கெட்ட கொழுப்பைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வதற்கு ஈரற் கலங்களின் மேற்பரப்பில் கொக்கி போன்ற மூலக்கூறுகள் இருக்கின்றன. சில குடும்பங்களில் இந்தக் கொக்கியைச் செய்யும் பரம்பரையலகு பழுதாக இருக்கும். அதனால் கொழுப்பு குருதியிலேயே தங்கி, பிள்ளைப் பருவத்திலிருந்தே நாடிகளின் சுவரில் படியத் தொடங்கும். மெலிந்தவராக இருந்தாலும், இறைச்சியே தொடாதவராக இருந்தாலும் இவருக்கு முப்பது நாற்பது வயதில் மாரடைப்பு வரலாம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த மைக்கேல் பிரவுண், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரு மருத்துவர்கள் 1970களில் இந்தக் கொக்கியைக் கண்டுபிடித்தார்கள். அதற்காக 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். உலகில் ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவர் இந்தக் குறையுடன் பிறக்கின்றார் என்று இன்று கணிக்கப்படுகிறது. பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

எமது இனத்தாருக்கு இன்னும் நெருக்கமான ஒரு கண்டுபிடிப்பும் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணியும், ஐதராபாத்தின் கல, மூலக்கூற்று உயிரியல் நிலையத்தைச் சேர்ந்த தங்கராஜும் அவர்களுடைய துணைவர்களும் 2009இல் அதை வெளியிட்டார்கள். இதயத் தசையின் ஒரு புரதத்துக்குரிய பரம்பரையலகில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதை அவர்கள் கண்டார்கள். தென்னாசிய மக்களில் ஏறத்தாழ 100க்கு 4 பேரிடம் இந்தக் குறை இருக்கிறது. இலங்கையிலும் அது காணப்பட்டது. இதயத் தசை பலவீனமடையும் ஆபத்து இவர்களுக்குக் கூடுதலாகும். ஆனால் இதே குறையுடன் எந்தத் துன்பமுமின்றி முதுமை வரை வாழ்பவர்களும் பலர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆகவே பரம்பரை என்று சொல்லும் பாட்டிமார் வெறும் கதை சொல்லவில்லை. அவர்கள் கண்டது உண்மை. அந்த உண்மையை ஆரம்பமாகக் கொள்ளாமல் முடிவாகக் கொண்டதே எமது தவறு. தந்தை நாற்பத்தைந்தில் மாரடைப்பினால் இறந்தார் என்பது ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த எச்சரிக்கை மணி. அந்த மணி ஒலித்த பின்னும் பிள்ளைகளின் கொழுப்பை அளந்து பார்க்காமல் இருந்தால், அடுத்த மரணத்துக்குப் பரம்பரையலகு மட்டும் பொறுப்பாகாது.

ஒரே செடி, வேறு மண்

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு வீ.பி. தேயிலையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே தாய்ச் செடியிலிருந்து வெட்டிய கம்புகளை நாற்றுமேடையில் வளர்த்து நடுகிறார்கள். அந்தச் செடிகள் அனைத்துக்கும் உள்ள பரம்பரையலகுகள் ஒன்றே. ஆயினும் பசளை போட்டு, காலத்துக்குக் கவ்வாத்து வெட்டி, மண் அரிக்காமல் காத்த மலையில் அது தளிர்த்து நிற்கிறது. கவனிக்காமல் விட்ட மலையில் அதே செடி கட்டையாகிப் போகிறது. கட்டையான செடியைப் பார்த்து, "இதன் சாதியே இப்படித்தான்" என்று சொல்லும் கங்காணியை யாராவது நம்புவார்களா? மனிதர் விடயத்தில் மட்டும் நாம் அதை நம்பிவிடுகிறோம்.

தென்னாசியருக்கு இளவயதிலேயே மாரடைப்பு வருகிறது என்பது உலகம் அறிந்த செய்தி. அது அவர்களுடைய குருதியின் குணம் என்று பலர் சொல்லிவந்தார்கள். கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் இதயநோய் நிபுணர் சலீம் யூசுப்பின் தலைமையில் 52 நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்து, 2004இல் வெளிவந்தது. இலங்கையும் அதில் அடங்கும். புகைத்தல், கொழுப்பு, குருதியமுக்கம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், மரக்கறியும் பழமும் குறைந்த உணவு, உடற்பயிற்சியின்மை, மதுப் பழக்கம் பற்றிய ஒன்பது காரணிகளே மாரடைப்பின் ஆபத்தில் ஆண்களில் 100க்கு 90 பங்கையும் பெண்களில் 94 பங்கையும் விளக்குகின்றன என்று அது காட்டியது. தென்னாசியரின் தகவல்களைத் தனியே பிரித்து 2007இல் வெளியிட்டபோது, முதல் மாரடைப்பின் நடுவயது தென்னாசியரில் 53 என்றும் ஏனையோரில் ஏறத்தாழ 59 என்றும் தெரிந்தது. அந்த ஆறு வருட வித்தியாசத்துக்கு முக்கிய காரணம், இதே காரணிகள் எம்மவரை இளவயதிலேயே பிடித்துக்கொள்வதுதான்.

2016இல் வெளிவந்த வேறோர் ஆய்வு 55,000க்கும் மேற்பட்டவர்களின் பரம்பரையலகுகளையும் வாழ்க்கை முறையையும் சேர்த்துப் பார்த்தது. பரம்பரையால் மிகக் கூடிய ஆபத்துள்ளவர்களிலும் கூட, புகைக்காமல், உடற் பருமனின்றி, உடலை இயக்கி, நல்ல உணவு உண்டு வாழ்ந்தவர்களின் ஆபத்து மற்றவர்களுடையதில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. அந்த ஆய்வு பெரும்பாலும் மேலைநாட்டவரைப் பற்றியது என்பது மெய்தான். ஆயினும் பரம்பரையலகு எழுதியதை வாழ்க்கை ஓரளவு திருத்தி எழுதலாம் என்பதற்கு அது வலிய சான்று.

தாயின் வயிற்றில் எழுதப்படுவது

இங்கேதான் எமது மக்களுக்கு மிக முக்கியமான விடயம் வருகிறது. நல்ல உணவு உண்ணுங்கள், மனக் கவலையை விடுங்கள் என்று தோட்டத் தொழிலாளிக்குச் சொல்வது எளிது. நல்ல உணவுக்கு வழியில்லாத ஒரு தாயின் வயிற்றிலேயே பிள்ளையின் இதயம் உருவாகிறது என்பதை யார் சொல்வது?

இந்தியாவின் மைசூரில் ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனை என்ற ஒரு திருச்சபை மருத்துவமனை உண்டு. அங்கு பிறந்த குழந்தைகளின் நிறையையும் நீளத்தையும் 1934 முதல் பதிவேடுகளில் எழுதி வைத்திருந்தார்கள். எழுதியவர்களுக்கு அது அன்றாடக் கடமை. அவ்வளவுதான். பல ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அந்தப் பதிவேடுகளைக் கையில் எடுத்து, 1934க்கும் 1954க்கும் இடையில் அங்கு பிறந்து அயலிலேயே வாழ்ந்துவந்த 500க்கும் மேற்பட்டவர்களைத் தேடிப்பிடித்துப் பரிசோதித்தார்கள். 1996இல் முடிவு வெளியாயிற்று. இரண்டரைக் கிலோவோ அதற்குக் குறைவோ நிறையுடன் பிறந்தவர்களில் 100க்கு 11 பேருக்கு இதயநோய் இருந்தது. 3.1 கிலோவோ அதற்குக் கூடவோ இருந்தவர்களில் 100க்கு 3 பேருக்கே அது இருந்தது. இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர் 1989இல் தமது நாட்டுப் பதிவேடுகளிலிருந்து இதே போன்ற தொடர்பைக் காட்டியிருந்தார். தென்னிந்திய மக்களிடமும் அது உண்மை என்று மைசூர் உறுதிப்படுத்தியது.

இதில் மூலக்கூறுகளின் பங்கு என்ன? 1944-45 குளிர்காலத்தில் ஒல்லாந்து நாட்டில் கடும் பஞ்சம் ஏற்பட்டது. அந்தப் பஞ்சத்தின்போது கருவானவர்களை ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, வளர்ச்சிக்குரிய ஒரு பரம்பரையலகின் மீதுள்ள சிறிய இரசாயன அடையாளங்கள், பஞ்சத்தைக் காணாத அவர்களுடைய சகோதரர்களிடம் இருந்ததைவிடக் குறைவாக இருந்தன. 2008இல் இது வெளியிடப்பட்டது. பரம்பரையலகின் எழுத்துகள் மாறவில்லை. எந்த எழுத்தை உரக்க வாசிப்பது, எதை மெல்ல வாசிப்பது என்ற அடையாளங்கள் மாறியிருந்தன. தாயின் பசி பிள்ளையின் கலங்களில் அறுபது வருடம் அழியாமல் நின்றது.

கருவிலே உணவு குறைந்தால், கிடைக்கும் சிறிதை மூளைக்குக் கொடுத்து மற்ற உறுப்புகளைச் சுருக்கிக்கொள்ள உடல் பழகுகிறது. அப்படிப் பஞ்சத்துக்குத் தயாராகிப் பிறந்தவர் பின்னர் கோதுமை மா ரொட்டியும் சீனியும் எண்ணெயும் மிகுந்த உணவைச் சந்திக்கும்போது, நீரிழிவும் குருதியமுக்கமும் அவரை எளிதில் பிடித்துக்கொள்கின்றன. மலையில் நடந்து பழகிய குடும்பத்தின் பிள்ளை, கண்டியிலோ கொழும்பிலோ கடையில் நாள் முழுவதும் நின்று இரவில் கொத்து ரொட்டி சாப்பிட்டுத் தூங்கும் வாழ்க்கைக்கு மாறும்போது நடப்பதும் இதுதான்.

இப்போது எமது வரலாற்றைத் திரும்பிப் பார்ப்போம். 1973, 1974ஆம் ஆண்டுகளில் இந்நாட்டில் உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, கூப்பன் அரிசியும் மாவும் குறைந்து, தோட்டங்களில் மரணங்கள் வேகமாகப் பெருகின. நாட்டின் வேறெந்தப் பகுதியையும் விட தோட்டப்புறமே அன்று கொடிய பசியைக் கண்டது. அன்று தாயின் வயிற்றில் இருந்தவர்கள் இன்று ஐம்பது வயதைத் தாண்டியிருக்கிறார்கள். மாரடைப்பு வரும் வயது அதுதான். அவர்களில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும்போது, அதற்குப் பரம்பரை என்று மட்டும் பெயரிட்டால், 1974இன் பசிக்கு நாம் மன்னிப்பு வழங்கிவிடுகிறோம்.

அது பழைய கதையுமல்ல. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதிலும் 100க்கு 17 பேர். தோட்டப்புறத்தில் 100க்கு ஏறத்தாழ 32 பேர். இந்தப் பிள்ளைகள் 2060களில் ஐம்பது வயதை அடைவார்கள். அப்போதும் மரண வீட்டில் யாரோ ஒருவர், "அது அவுங்க பரம்பரை" என்று சொல்லத்தான் போகிறாரா?

அறிவு ஆயுதமாகவும் ஆகலாம்

பரம்பரையலகு பற்றிய அறிவைப் பரப்பும்போது ஓர் ஆபத்தையும் மனதிற் கொள்ள வேண்டும். நோயுள்ள குடும்பம் என்று ஒரு வீட்டுக்குப் பெயர் வந்துவிட்டால், அந்த வீட்டுப் பெண்பிள்ளைக்குத் திருமணம் பேசுவது கடினமாகிவிடும். தலசீமியா நோயில் இதைக் காணலாம். இந்நாட்டில் அந்த நோய்க்குச் சிகிச்சை தேவைப்படுவோர் 2000க்கும் மேற்பட்டோர் என்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. குருணாகலில் அதற்கென ஒரு தேசிய நிலையமே இயங்குகிறது. கடுமையான நோய் பெற்றோர் இருவரிடமும் குறை இருந்தால்தான் பிள்ளைக்கு வருகிறது. அப்போதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. ஆனால் பழியோ பெரும்பாலும் தாயின் மேல் மட்டும் விழுகிறது. மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கமுள்ள எமது சமூகத்தில் ஒரே குறை இருவரிடமும் இருக்கும் வாய்ப்புக் கூடுதல். ஆகவே திருமணத்துக்கு முன் இருவரும் ஒரு சாதாரண குருதிப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. இருவரும் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

நோயைக் கண்டவுடன் யார் குற்றவாளி என்று தேடுவது மனித இயல்பு. யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்களும் அதைத்தான் கேட்டார்கள். அவரா, அவருடைய பெற்றோரா பாவம் செய்தது என்பது அவர்களின் கேள்வி. இயேசு இரண்டையும் மறுத்தார். மறுத்ததோடு நிற்காமல் தரையில் குனிந்து சேறு உண்டாக்கி அவரைக் குணமாக்கும் வேலையைத் தொடங்கினார். பரம்பரை நோய் பற்றிய கிறிஸ்தவ நிலைப்பாடு என்னவென்று கேட்டால், அந்தக் குனிதலையே நான் காட்டுவேன்.

செய்யக்கூடியவை

குடும்பங்கள் செய்யக்கூடியது முதலாவது. தந்தையோ சகோதரனோ 55 வயதுக்கு முன், அல்லது தாயோ சகோதரியோ 65 வயதுக்கு முன் மாரடைப்புக் கண்டிருந்தால், அந்த வீட்டில் எல்லோரும் கொலஸ்திரோல், சீனி, குருதியமுக்கம் மூன்றையும் பார்க்க வேண்டும். சுகாதார அமைச்சு 2011 முதல் நடத்திவரும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் 35 வயதைத் தாண்டியவர்களை இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். ஆனால் மேலே சொன்ன கொக்கிக் குறையுள்ள குடும்பத்தின் பிள்ளை 35 வயது வரை காத்திருக்கலாகாது. பத்து வயதிலேயே கொழுப்பைப் பார்த்துவிட வேண்டும். இதை வைத்தியரிடம் நாமே எடுத்துச் சொல்ல வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டற்றின் மாத்திரை அரச கிளினிக்குகளில் இலவசமாகக் கொடுக்கப்படுவது. மலிவான மருந்து ஏழைக்கும் கிடைக்க வேண்டுமென்று போராடிய பேராசிரியர் சேனக பிபிலே, எமது பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக விளங்கியவர் என்பதை நினைவிற் கொள்வோம். கொடுத்த மாத்திரையை, வலி இல்லை என்பதற்காக இடையில் நிறுத்திவிடக் கூடாது.

தோட்ட நிர்வாகமும் அரசும் செய்ய வேண்டியது இரண்டாவது. கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும் என்ற நிலை இருக்கும்வரை எந்த இலவச சேவையும் இலவசமல்ல. கண்டிக்கோ பேராதனைக்கோ பஸ் ஏறி வரிசையில் நின்று திரும்பும் தொழிலாளி, பஸ் கட்டணத்தோடு ஒரு நாள் சம்பளத்தையும் சேர்த்தே செலவழிக்கிறார். பரிசோதனை தோட்டத்துக்கு வர வேண்டும். அந்த நாளுக்கு முழுப் பேர் போட வேண்டும். அறிக்கையை வாசித்து விளக்கத் தமிழ் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கூடை சுமக்காத இலகுவான வேலை, சம்பளம் குறையாமல் கொடுக்கப்பட வேண்டும். அது சலுகை என்று நினைப்பவர்கள் மைசூர்ப் பதிவேட்டை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். அந்த இலகுவான வேலை, ஐம்பது வருடத்துக்குப் பிறகு வரவிருக்கும் ஒரு மாரடைப்பைத் தடுக்கும் மருந்து.

மூன்றாவது எமக்கு, திருச்சபைக்கும் அதன் அபிவிருத்தி நிலையங்களுக்கும் உரியது. யேசு சபைக் குரு பவுல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதயத்தைத் தொடங்கிய காலம் முதல், தோட்ட மக்களின் வறுமை விதியால் வந்ததல்ல, மனிதர் செய்தது என்பதைச் சொல்லிவரும் ஒரு மரபு இம்மாவட்டத்தில் இருக்கிறது. அந்த மரபை உடல்நலத்துக்கும் நீட்ட வேண்டும். ஒவ்வொரு பங்கிலும் இளைஞர் குழு ஒன்று தத்தம் லயங்களில் வீடு வீடாகச் சென்று, யார் எந்த வயதில் எந்த நோயால் இறந்தார் என்று வீட்டாரின் சம்மதத்துடன் ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளலாம். அந்தக் கொப்பி ஊர் வாய்க்குப் போகாமல் அந்தந்த வீட்டாரிடமே இருக்கட்டும். குடும்பநல மாது எழுதித்தரும் பிறப்பு நிறை அட்டையைப் பத்திரமாக வைக்கும்படி தாய்மாருக்குச் சொல்லலாம். பின்னொரு நாள் அந்தப் பிள்ளை வைத்தியர் முன் உட்காரும்போது, இந்த இரண்டு தாள்களும் பத்துக் கேள்விகளுக்கு விடை சொல்லும்.

எமது பாட்டன் பூட்டன்மார் இராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்தபோது கொண்டுவந்த பரம்பரையலகுகளில் நோயும் இருந்தது, நோயைத் தாங்கும் வலிமையும் இருந்தது. அவற்றை எம்மால் மாற்ற முடியாது. ஆனால் அந்த அலகுகள் எந்த வயிற்றில் வளர்கின்றன, எந்த அறையில் தூங்குகின்றன, எந்தத் தட்டில் சாப்பிடுகின்றன என்பதைத் தீர்மானித்தவர்கள் மனிதர்கள். மனிதர் தீர்மானித்ததை மனிதர் மாற்றலாம். அடுத்த மரண வீட்டில் "பரம்பரை" என்ற சொல் காதில் விழுந்தால், ஆறுதல் சொல்லி முடித்தபின், அந்த வீட்டுப் பிள்ளைகளை எந்தக் கிழமை பரிசோதனைக்குக் கூட்டிப்போவது என்றும் பேசிவிட்டு வருவோம்.